ரீகால் கடிதம் வந்தால் வண்டியை விற்றுவிடுவதா?

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள சேகர்,

ஹூஸ்டனிலிருந்து நீ அனுப்பிய கடிதமும் புது பிக்கப் வண்டியின் போட்டோவும் கிடைத்தன. அதை எங்கள் தெருவில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். போட்டோவைப் பார்த்த ஈஸ்வரி, "இதில் ஏற ஏணியும் சேர்த்துத் தருவார்களா?" என்று கேட்டாள். டிரெய்லர் இழுக்க வேண்டும், மகன் தொழிலுக்கு வேண்டும் என்றெல்லாம் காரணம் எழுதியிருக்கிறாய். இருபது வயதில் மவுண்ட் ரோடில் லாரிகளை நின்று வேடிக்கை பார்த்தவன் நீ. எனக்குத் தெரியாதா?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு, குறை இருக்கிறது, கொண்டுவா, சரிசெய்கிறோம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனியின் ரீகால் கடிதம் வருகிறது, தலையில் கட்டிவிட்டார்களா, வந்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தள்ளாதே. கடிதம் வருவதை வைத்து மட்டும் அது மோசமான வண்டி என்று முடிவு கட்டாதே. வாழ்நாள் முழுக்க இன்ஸ்பெக்ஷன் ரூமில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

உன் வண்டியைச் செய்த கம்பெனியை மட்டும் பார்த்தால் நியாயமில்லை என்று மற்ற இரண்டையும் சேர்த்துத் தேடிப் படித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை? உங்கள் ஊரில் இந்த எடையில் பிக்கப் செய்வது ஃபோர்டு, ஜிஎம், ராம் ஆகிய மூவர்தான். மூவர் மீதும் புகார் குவிந்திருக்கிறது. 2019-ல் ராம் சுமார் 6,60,000 கனரக வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டியரிங் இணைப்பில் ஒரு நட்டு தளர்ந்துவிடலாம். அது கழன்றால் நீ ஸ்டியரிங்கைத் திருப்புவாய், சக்கரம் திரும்பாது. அதே ஆண்டு ஃபோர்டின் சூப்பர் டூட்டி பிக்கப்பில் சுமார் 2,62,000 வண்டிகளுக்கு ரீகால். மின்சாரத் தாழ்ப்பாள் வைத்த பின்கதவின் ஒயரிங்கில் தண்ணீர் புகுந்து, ஓடும்போதே கதவு தானாகத் திறந்துகொண்டது. ஜிஎம் 2024-ல் 4,61,839 டீசல் வண்டிகளை அழைத்தது. கியர்பாக்ஸில் ஒரு கண்ட்ரோல் வால்வு தேய்ந்து, பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம் என்பது குறை.

இந்தக் கடைசி ரீகாலுக்கு என்ன தீர்வு கொடுத்தார்கள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சாஃப்ட்வேர். வால்வு தேய்கிறதா என்று அது கவனிக்கும். தேய்மானம் அளவுக்கு மீறினால் வண்டியை ஐந்தாம் கியருக்கு மேல் போகவிடாது. அதற்குப் பிறகுதான் ரிப்பேர். தேய்கிற வால்வை எல்லா வண்டியிலும் மாற்றவில்லை, காவல் மட்டும் போட்டிருக்கிறார்கள். தவறு என்று சொல்லமாட்டேன், பின்சக்கரம் பூட்டிக்கொள்வதைவிட அது மேல். ஆனால் எங்கள் இன்ஸ்பெக்ஷன் ரூமில் இதைத் தீர்வு என்று கொண்டுவந்திருந்தால் மேனேஜர் பேப்பரை முகத்தில் எறிந்திருப்பார். அதனால் கடிதம் வந்ததும் தலைப்பைப் பார்த்துப் பயப்படாதே. பொருளை மாற்றுகிறார்களா, சோதித்துப் பார்த்து அனுப்புகிறார்களா, சாஃப்ட்வேர் மட்டுமா என்று தீர்வுப் பகுதியைப் படி. கவலைப்படுவதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்.

நீ டீசல் பம்ப் பற்றியும் கேட்டிருந்தாய். அது பெரிய கதை, கொஞ்சம் பொறுமையாகப் படி. டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் சிபி4 என்ற உயர் அழுத்த பம்ப். சுழலும் கேம் மீது ஒரு ரோலர் உருளும். அது டேப்பெட் என்ற உருளையைத் தூக்கும். டேப்பெட் டீசலை அழுத்தும். இதற்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலேதான் வழவழப்பு. உங்கள் நாட்டு டீசலுக்கு அந்த வழவழப்பு குறைவு. சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 520 மைக்ரான் வரை அங்கே அனுமதி. ஐரோப்பாவில் 460-க்கு மேல் கூடாது. டேப்பெட் தன் இடத்தில் கொஞ்சம் திரும்பிவிட்டால் ரோலர் உருளுவதை விட்டுவிட்டு உராய ஆரம்பிக்கும். பிறகு இரும்புத்தூள்தான். ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன், டேங்க் என்று ஒரு இடம் விடாமல் பரவும். பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை, எரிபொருள் போகும் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும். பத்தாயிரம் டாலர் பில் பார்த்தவர்கள் உண்டு.

இந்தப் பம்ப் குடும்பத்தை ஜிஎம் 2011 முதல் 2016 வரை தன் டியூராமாக்ஸ் டீசல் இன்ஜினில் போட்டது. ஃபோர்டும் 2011 முதல் போட்டது. ராம் 2019-ல்தான் இதற்கு வந்தது. 2021 நவம்பரில் ஓட்டத்தில் இன்ஜின் நின்றுபோகலாம் என்ற காரணத்தில் 2,22,410 வண்டிகளை ராம் திரும்ப அழைத்தது. 2021 மாடலில் பழைய சிபி3 பம்புக்கே திரும்பிவிட்டது. மற்ற இரண்டு கம்பெனி வண்டிக்காரர்களும் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். இப்போது சொல், யார் பாக்கியசாலி? கடிதம் வந்தவனா, கோர்ட்டு வாசலில் நின்றவனா? ரீகால் எண்ணிக்கையை வைத்து வண்டியை எடை போடாதே என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், ஹூஸ்டனில் இருக்கிற உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஏர்பேக். டகாட்டா கம்பெனி ஏர்பேக்கை ஊத வைக்க அம்மோனியம் நைட்ரேட் வைத்தது. வருடக்கணக்கில் சூடும் ஈரப்பதமும் பட்டால் அது கெட்டுவிடும். பிறகு விபத்தில் ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே சிதறி, ஓட்டுகிறவர் கழுத்திலும் முகத்திலும் துண்டுகள் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற உத்தரவானது. புழுக்கம் அதிகமுள்ள மாநிலங்களை முதல் வரிசையில் வைத்தார்கள், டெக்சாஸ் அதில் உண்டு. எங்கள் வண்டியில் இந்தச் சிக்கல் வராது என்று ஜிஎம் பல வருடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தது. 2020 நவம்பரில் அரசாங்கம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. 2007 முதல் 2014 வரையிலான ஜிஎம்மின் சில்வராடோ, சியரா பிக்கப் எல்லாம் சேர்ந்து சுமார் 59 லட்சம் வண்டிகள். உன் மகன் ஓட்டுகிற பழைய வண்டியும் அந்த வயதுதான் என்று ஞாபகம். இன்றைக்கே அதன் அடையாள எண்ணான பதினேழு எழுத்து வின் நம்பரை அரசாங்க இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல். ஹூஸ்டன் புழுக்கம் நம்ம சென்னைப் புழுக்கத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று நீயே புலம்பியிருக்கிறாய்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் இன்னொரு சிக்கல். புது வண்டியை ரீகால் பாக்கி வைத்துக்கொண்டு டீலர் விற்கக்கூடாது. பழைய வண்டிக்கு உங்கள் மத்திய அரசின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடிதமும் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் போகும். உனக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு வந்த கடிதங்கள் அவர் வீட்டுக் குப்பைக்கூடையில் போயிருக்கலாம். ஆகவே வந்த கடிதங்களை மட்டும் எண்ணாமல் வின் நம்பரைப் போட்டுப் பார். பதினைந்து வருடத்துக்குள் இருக்கிற வண்டிக்கு ரிப்பேர் இலவசம். ரீகால் வருவதற்கு முன்பே அதே குறைக்குக் கைக்காசு போட்டுச் சரிசெய்திருந்தால் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது, பில்லைத் தூக்கிப் போடாதே. டீலர் உன்னிடம் ஏதோ புல்லட்டின் இருக்கிறது என்றாரே, அது வேறு. மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி அனுப்பும் குறிப்பு அது; வாரண்டி முடிந்தால் காசு உன்னுடையது.

ஸ்டியரிங் உதறுகிறது, பாலத்தின் இணைப்பில் ஏறினால் அறுபது மைல் வேகத்தில் வண்டியே நடுங்குகிறது, உதறலை அடக்கும் டேம்பரை மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னார் என்று எழுதியிருந்தாய். எனக்கு இதுதான் கவலை. முன்சக்கரம் இரண்டையும் ஒரே முழு அச்சில் பூட்டிய வண்டிகளில் இது பழைய நோய், ஃபோர்டு ராம் இரண்டிலும் ஏகப்பட்ட புகார். டேம்பர் மட்டும் மாற்றுவது ஆடுகிற மேஜைக்கால் அடியில் அட்டை மடித்து வைப்பது போல. ஆட்டம் வேறு எங்கோ இருக்கிறது. அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் புஷ், பால் ஜாயின்ட், டயர் காற்று, வீல் பேலன்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். மகனை உள்ளே உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டி தரையில் நிற்கும்போதே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல். நீ பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்துப் பார். டிராக் பார் முனையில் போல்ட் நகர்ந்தால் குற்றவாளி அங்கேதான். அதுவரை ரோட்டில் உதறல் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிடு.

அதைப் பார்த்து முடித்ததும் உட்கார்ந்து, நான் சொன்ன அரசாங்கத் தளத்திலேயே ஒரு புகார் எழுது. என்ன வேகம், எந்த மாதிரி ரோடு, எத்தனை மைல் ஓடிய வண்டி, டீலர் என்ன சொன்னார், எல்லாம். "வண்டி சரியில்லை" என்று எழுதினால் படிக்கிற இன்ஜினியருக்கு ஒரு பயனும் இல்லை. இத்தனை புகார் வந்தால்தான் விசாரணை என்று அங்கே கணக்கு எதுவும் கிடையாது. தெளிவாக எழுதிய சில புகார்களே ஃபைலைத் திறக்க வைக்கும். உனக்கு வருகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி யாரோ நாலு பேர் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

கடிதமாவது வருகிற உன்னைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் பாலு ஆவடியில் தண்ணீர் கேன் போடுகிறானே, அவன் சின்ன லோடு வண்டி வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம். லோடு ஏற்றி பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. சர்வீஸ் சென்டரில், "லோடு வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். பிறகு ஒரு சர்வீஸில் அவன் கேட்காமலே முன்பக்கம் ஏதோ ஒரு பார்ட்டை மாற்றியிருக்கிறார்கள். பில்லில் அது இல்லை. அவன் ஸ்டாண்டில் இன்னும் சிலருக்கும் அப்படியே நடந்திருக்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்றால் பதில் இல்லை. இழுப்பு நின்றுவிட்டது, சந்தோஷம். சர்வீஸுக்கே போகாமல் புதுப்பேட்டையில் பார்ட் வாங்கித் தெருமுனை மெக்கானிக்கிடம் ஓட்டுகிறவன் வண்டி என்ன ஆகும்? அவனுக்கு யார் சொல்வது?

நம்ம ஊரில் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் வண்டிக் கம்பெனிகளின் சங்கமே ரீகாலுக்குத் தானாக ஒரு விதி வைத்துக்கொண்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறை இருந்தால் வண்டியைத் திரும்பப் பெறு என்று மத்திய அரசே உத்தரவு போடலாம். முழு விலையைத் திருப்பிக் கொடுக்கவோ வேறு வண்டி கொடுக்கவோ வைக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் பொருந்தும், விற்பனை அளவுக்கு ஏற்ப இத்தனை புகார் சேர வேண்டும் என்று வேறு ஒரு வரம்பு. அந்த வரம்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிரேக் இழுக்கிறது என்று பத்து பேர் ஒரே மாதிரி சொன்னால், பதினோராவது ஆள் வரும்வரை எதற்குக் காத்திருப்பது?

ஆனால் கோளாறு சட்டத்தில் மட்டும் இல்லை. பாலுவிடம் புகார் போடு என்றேன். "மாமா, வண்டி ஒரு நாள் நின்றால் கேன் யார் போடுவது? லோன்காரன் விடுவானா?" என்று கேட்டான். அவன் கேட்பதும் சரிதான். போன ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே டைப் செய்தேன். இழுப்பு எந்தப் பக்கம், எத்தனை கேன் ஏற்றியிருந்தான், எந்தத் தேதியில் எந்த பில் என்று எல்லாவற்றையும் போட்டாயிற்று. ஸ்டாண்டில் இருக்கிற மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஈஸ்வரி டீ போட்டு மாளாது என்கிறாள்.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்கிறார், நம்ம பிளாட்பாரங்களை அவர் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மழைக்காலம் வருகிறது, வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்த இடம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கொரட்டூர் வீட்டு வரியைக் கட்டிவிட்டேன், ரசீது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாடியில் ஒரு மூலையில் ஒழுகுகிறது. கொத்தனாரை வரச் சொல்லட்டுமா, இல்லை நீ ஜனவரியில் வந்து பார்த்துக்கொள்கிறாயா என்று எழுது. லலிதாவை விசாரித்ததாகச் சொல். டிராக் பாரைப் பார்த்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. வெளிச்சமாக எடு, போன தடவை அனுப்பியதில் உன் கட்டைவிரல்தான் தெரிந்தது.

உன்,
மணி