தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா? பள்ளி நிர்வாகங்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கும் பெற்றோர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பள்ளிக்கு அருகே செல்போன் டவர் எழும்பினால் மனு எழுதுகிறீர்கள். வகுப்பறைச் சுவரில் வைஃபை பெட்டி பொருத்தினால் அவசரக் கூட்டம் போடுகிறீர்கள். அந்தக் கூட்டத்திலேயே, அழும் குழந்தையை அடக்க அதன் கையில் போனைக் கொடுத்து விடுவதும் நடக்கிறது. ரேடியோ அலைகளை அளப்பதும் கட்டடங்களுக்குள் வைஃபை அமைப்பதும் எங்கள் தொழில். உங்கள் அக்கறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த அக்கறை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லையே என்றுதான் எழுதுகிறோம்.

டவர், ரவுட்டர், போன் மூன்றையும் மனுக்கள் ஒரே தட்டில் வைக்கின்றன. குழந்தையின் உடலில் இவை சேர்க்கும் ஆற்றலைக் கணக்கிட்டால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் வருகிறது. சாதாரண வைஃபை ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 100 மில்லிவாட் அனுப்புகிறது. அது எல்லாப் பக்கமும் பரவும் என்று கொண்டால், ஒரு மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 8 மில்லிவாட் வரும். மூன்று மீட்டரில் 0.9 மில்லிவாட்கூட வராது. அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த அலைவரிசைக்குப் பொதுமக்கள் வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட், அதாவது 10,000 மில்லிவாட். வகுப்பறை மூலையில் தொங்கும் பெட்டி அந்த வரம்பில் பதினோராயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் பெட்டி இடைவிடாமல் அனுப்பினால்தான். பெரும்பாலான நேரம் அது சும்மாதான் இருக்கிறது.

போன் கதை வேறு. 4ஜி போன் உச்சத்தில் 200 மில்லிவாட் வரை அனுப்பும். ரவுட்டரைப் போல இரு மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். இது மூன்று மீட்டர் தள்ளி இல்லை, காதோடு ஒட்டி இருக்கிறது. தலையில் உள்ளிழுக்கப்படும் ஆற்றலுக்கான சர்வதேச வரம்பு, 10 கிராம் திசுவின் சராசரியில், கிலோவுக்கு 2 வாட். போன் பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும், இந்த உள்ளிழுப்பு அளவைச் சொல்லும் எஸ்.ஏ.ஆர். எண்ணைப் பாருங்கள், வரம்பில் பாதியைத் தொடும் மாடல்கள் ஏராளம். வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஒப்பிட்டால் எங்கே கவனம் போக வேண்டும் என்பது தெரியும்.

சிக்னல் நன்றாக இருந்தால் இதே போன் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவாகக்கூட அனுப்பிக்கொண்டிருக்கும். டவர் தொலைவில் இருந்தால், சுவர் தடித்திருந்தால், தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். பள்ளிக்குப் பக்கத்து டவரை அகற்றச் சொல்லி வெற்றி பெற்ற பிறகு, மாலையில் வாசலில் நின்று வீட்டுக்குப் பேசும் பிள்ளையின் போன் முன்பைவிடக் கூடுதலாகத்தான் உழைக்கும். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அறிவியல் என்ன சொல்கிறது என்பதையும் கூட்டிக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரேடியோ அலையின் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது அலையின் மிகச்சிறு ஆற்றல் பொட்டலத்துக்கு, வேதிப் பிணைப்பை உடைக்கும் வலு கிடையாது, 2.4 கிகாஹெர்ட்ஸில் அதன் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) லட்சத்தில் ஒரு பங்கு, பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஐயமின்றி நிறுவப்பட்ட விளைவு சூடேற்றம். உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் உள்ளிழுத்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் உயரலாம். அதை 50-ஆல் வகுத்து 0.08 வாட் என்று பொதுமக்கள் வரம்பை வைத்திருக்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உண்டு' என்று சேர்த்தது. உங்கள் மனுக்களில் தவறாமல் இடம்பெறும் வரி இது. அந்த முடிவு பெரிதும் சார்ந்திருந்தது போனைக் காதில் வைத்து நீண்ட நேரம் பேசியவர்கள் பற்றிய ஆய்வுகளை. டவர் அருகே வசித்தவர்களைப் பற்றி அல்ல. 2பி என்பது சான்றின் வலுவைச் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல.

அதன் பிறகு வந்தவற்றில், 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வு மூளைக் கட்டிக்கும் போன் பயன்பாட்டுக்கும் தொடர்பு காணவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024-இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முறைசார் மீளாய்வும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட எலி ஆய்வு: ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் கூடின. அந்த எலிகள் நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டு, கிலோவுக்கு 6 வாட் வரை உடல் முழுக்க வாங்கியவை. மனிதருக்கான வரம்பைப் போல 75 மடங்கு. போதாக்குறைக்கு, அலை படாத எலிகளைவிட அவை அதிக நாள் உயிரோடும் இருந்தன.

அப்படியானால் குழந்தைகளுக்குத் தனிக் கவனமே வேண்டாமா என்றால், வேண்டும். பிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது, திசுக்களில் நீர்ச்சத்து அதிகம். ஒரே போனைக் காதில் வைத்தால், பெரியவர்களைவிடப் பிள்ளையின் மூளை சராசரியாக இரு மடங்கும், மண்டையோட்டு மஜ்ஜை பத்து மடங்கு வரையிலும் ஆற்றலை வாங்குகிறது என்று அதே புற்றுநோய் முகமை குறித்திருக்கிறது. இந்த வேறுபாடு போனைக் காதில் வைக்கும்போது வருவது. செலவில்லாமல் குறைக்கக்கூடியதும் அதுதான்.

டவர் விஷயத்தில் பயம் பெரும்பாலும் தவறான இடத்தைச் சுட்டுகிறது. பேனல் ஆன்டெனா கலங்கரை விளக்கம் போல முன்பக்கம் மெல்லிய தட்டாக வீசும். சில டிகிரி மட்டும் கீழே சாய்த்திருப்பார்கள். எனவே டவரின் அடிவாரத்தில் அளவு குறைவு. 20 வாட் கொடுத்து, அதை ஒரே திசையில் குவித்து அங்கே 50 மடங்காக்கும் ஆன்டெனாவின் நேர் எதிரே, 50 மீட்டரில், சதுர மீட்டருக்கு 32 மில்லிவாட். பத்து அலைவரிசைகள் ஒரே திசையில் வீசினாலும் 0.32 வாட், 900 மெகாஹெர்ட்ஸுக்கான 4.5 வாட் சர்வதேச வரம்பில் 7 சதவீதம். நீங்கள் உண்மையிலேயே கேள்வி கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆன்டெனா உயரத்திலேயே, அதன் முகத்துக்கு நேரே சில மீட்டரில் இருக்கும் மாடி வகுப்பறை அல்லது மொட்டைமாடி. பள்ளிக் கூரையிலேயே ஆன்டெனா இருந்தால், யாரும் நுழையக்கூடாத பகுதியின் வரைபடத்தை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பகுதிக்குப் போகும் கதவு பூட்டியிருக்க வேண்டும். பூட்டாத கூரைக் கதவை எந்த மனுவிலும் நாங்கள் பார்த்ததில்லை.

அளக்க நினைத்தால் தாராளமாக அளக்கலாம், ஆனால் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மீட்டரோடு வகுப்பறையில் நடந்து வீடியோ எடுப்பது அளவீடு ஆகாது. முதல் கோளாறு, கருவியே தவறாக இருக்கும்: மில்லிகாஸ் காட்டுபவை மின்கம்பியின் காந்தப்புலத்தை அளப்பவை, வைஃபையும் டவரும் அவற்றின் கண்ணுக்குப் படாது. அடுத்தது அலகுக் குழப்பம். மீட்டருக்கு 3 வோல்ட் என்பதைச் சதுர மீட்டருக்கு 3 வாட் என்று படித்தால் 125 மடங்கு ஊதிப்போகும். வோல்ட் அளவை வர்க்கித்து 377-ஆல் வகுத்தால்தான் வாட் கிடைக்கும், அதாவது 0.024. சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவாட் என்பதும் சதுர மீட்டருக்கு 10 மில்லிவாட் என்பதும் ஒன்றே. இன்னொன்று, வைஃபை விட்டு விட்டுத் துடிப்பது. நேரத்தில் 2 சதவீதம் மட்டும் அனுப்பும் பெட்டியின் உச்சத்தைக் காட்டும் மீட்டர், சராசரியைப் போல 50 மடங்கு சொல்லும். வரம்புகள் சராசரிக்கு வகுக்கப்பட்டவை. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது அளப்பவரின் பாக்கெட்டில் இருக்கும் அவரது சொந்தப் போன். அதை அணைத்து வேறு அறையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வகுப்பறை வைஃபை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதில்தான் நல்ல எண்ணத்தோடு தப்பு நடக்கிறது. முப்பது டேப்லெட் என்றால் முப்பது மடங்கு கதிர்வீச்சு என்ற பயம் தேவையற்றது: ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசும், மற்றவை காத்திருக்கும். குழந்தைகளிடமிருந்து பெட்டியை விலக்குகிறோம் என்று தாழ்வாரக் கோடியில் ஒற்றை ரவுட்டரை வைத்து முழுச் சக்தியில் ஓட விடுவதுதான் மோசமான ஏற்பாடு. சிக்னல் பலவீனமானால் டேப்லெட் மெதுவான வேகத்துக்கு இறங்கும்; ஒரே கோப்பை அனுப்பப் பல மடங்கு நேரம் எடுக்கும்; அவ்வளவு நேரமும் பிள்ளையின் மடியிலிருந்து அலை போகும். அறைக்கு ஒரு பெட்டி, கூரையில், குறைந்த சக்தியில் என்பதே சரி. ரவுட்டர் அமைப்பில் சக்தியைக் குறிக்கும் டிபிஎம் அலகில் 20-லிருந்து 14-க்கு இறக்கினால் சக்தி கால்வாசியாகும், ஒரு வகுப்பறைக்கு அது போதும்.

ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் வினாடிக்குச் சுமார் 10 முறை 'நான் இருக்கிறேன்' என்ற பீக்கனை அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்தபட்ச வேகம் 1 மெகாபிட் என்று விட்டிருந்தால், 300 பைட் பீக்கனுக்கு 2.4 மில்லிவினாடி ஆகிறது. ஆசிரியர், மாணவர், விருந்தினர், அலுவலகம் என்று நான்கு நெட்வொர்க் பெயர்கள் வைத்தால் யாரும் பயன்படுத்தாமலே நேரத்தில் 9 சதவீதம் போய்விடும். குறைந்தபட்ச வேகத்தை 6 மெகாபிட்டுக்கு ஏற்றி, பெயர்களை இரண்டாகக் குறையுங்கள். ஒரு சதவீதத்துக்கு அருகே வந்துவிடும். நெட்வொர்க்கும் வேகமாகும் என்பதால் உங்கள் கணினி ஆசிரியர் மறுக்க மாட்டார். மிகப் பழைய கருவிகள் சில இணைய மறுக்கலாம், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் மாறாத எதற்கும் வைஃபை எதற்கு? கணினி, புரொஜெக்டர், கேமரா, பிரிண்டர் எல்லாம் கேட் 6 எனப்படும் நெட்வொர்க் கேபிளில் ஓடட்டும். ஒரு இணைப்பு 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. பிரிண்டர்கள் கேபிளில் இருந்தாலும் ரவுட்டர் இல்லாமலே நேரடியாக இணைய உதவும் வைஃபை டைரக்ட் சிக்னலைத் தனியாக ஒலிபரப்பும், அதையும் அணைக்க வேண்டும்.

பிரான்ஸ் 2015-இல் சட்டமே போட்டது: மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் காப்பகங்களில் அவர்கள் இருக்கும் இடங்களில் வைஃபை கூடாது, தொடக்கப் பள்ளிகளில் பாடத்துக்குப் பயன்படாத நேரம் அணைத்திருக்க வேண்டும். எங்கள் பார்வையில் இரண்டாவது விதி நியாயமான முன்னெச்சரிக்கை, பெரிய பயன் தராவிட்டாலும் செலவும் இல்லை.

போன், டேப்லெட் விஷயத்தில் செய்ய வேண்டியவை எளியவை. காதில் ஒட்டாமல் ஸ்பீக்கரிலோ கம்பி இயர்போனிலோ பேசுவது. ஒரு கோடு சிக்னலில் நீண்ட பேச்சு வேண்டாம். ஓடும் பள்ளிப் பேருந்தின் உலோகக் கூட்டுக்குள் போன் அடிக்கடி சக்தியை ஏற்றும், அங்கே தலையோடு வைத்துப் பேசாமலிருப்பது நல்லது. டேப்லெட் மடியில் வேண்டாம், மேசையில் இருக்கட்டும். 30 சென்டிமீட்டர் விலகினாலே உடலுக்கு வருவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பாட வீடியோக்களை முன்பே இறக்கி ஏர்பிளேன் மோடில் ஓட்டலாம். சில போன்களில் அப்போதும் வைஃபையும் ப்ளூடூத்தும் தொடர்ந்து ஓடும், தனியே அணைக்க வேண்டும். கைக்குழந்தைகள் இருக்கும் இடத்தில் வயர்லெஸ் பேபி மானிட்டரைத் தொட்டில் கம்பியில் கட்டாமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

தடுப்பு ஸ்டிக்கர், பதக்கம், சிப் எதற்கும் பள்ளிப் பணத்தைச் செலவிடாதீர்கள். ஸ்டிக்கர் உண்மையிலேயே ஆன்டெனாவை மறைத்தால் போன் சக்தியை ஏற்றிக்கொள்ளும். மறைக்காவிட்டால் வெறும் காகிதம். பதக்கங்கள் அதைவிட மோசம். நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இத்தகைய பத்துப் பொருட்களைச் சோதித்து, அவை எக்ஸ்ரே போல வேதிப் பிணைப்பை உடைக்கும் வலுவுள்ள அயனியாக்கும் கதிர்வீச்சு வெளியிடுவதாக எச்சரித்தது. பட்டியலில் குழந்தைகளுக்கான கைவளையும் இருந்தது. வைஃபைக்குப் பயந்து கதிரியக்கப் பொருளை வாங்கிப் பிள்ளைக்கு மாட்டியிருக்கிறார்கள்.

நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். 'எல்லாம் பாதுகாப்பானதுதான்' என்ற ஒற்றை வரியில் பெற்றோரை அனுப்பிவிடாதீர்கள். சந்தேகம் அங்கேதான் வளர்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கொண்டு ஒரு முறை அளந்து அறிக்கையை ஒட்டுங்கள். ஒவ்வொரு அலைவரிசையும் தனித்தனியாகவும் மொத்தமாகவும் வரம்பில் எத்தனை சதவீதம், கருவியை எந்தத் தேதியில் அளவுதிருத்தம் செய்தார்கள், வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரமா, பிள்ளைகள் உட்காரும்போது தலை இருக்கும் உயரத்திலும் அளந்தார்களா, எத்தனை நிமிடச் சராசரி: இவை இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். புதிய ஆன்டெனாவோ புதிய வைஃபையோ வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ அளவீட்டிலும் வலையமைப்புப் பணியிலும் உள்ள பொறியாளர்கள்