எங்கள் மத்தளம் இரைச்சல் இல்லை

மெய்நிகர் உலகங்களைக் கட்டும் பொறியாளர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் எங்கள் ஊர்க் கூத்தொன்றை மெய்நிகர் உலகில் ஆடிப் பார்த்தோம். கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரி அச்சொட்டாக இருந்தது. சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் அவதாரங்களாக வந்து சுற்றி நின்றார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மைக்குக்கு முன்னால் மத்தளத்தைத் தட்டினார். முதல் இரண்டு தட்டு கேட்டதாம். பிறகு யாரோ மத்தளத்தைப் போர்வையால் மூடிவிட்ட மாதிரி. சல்லரித் தாளம் அறவே இல்லை. "மனே, நான் அடிக்கிறது அங்க கேக்குதா?" என்று அவர் மூன்று தரம் கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் எல்லோருக்கும் துலக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று உங்கள் மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை அதிர்வு) வரைதான் கடத்தியது. சுகம் விசாரிக்க அது போதும். ஆனால் மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். மத்தளத்தின் கும்மென்ற ஓசை அந்தத் தொலைபேசி வரம்புக்குக் கீழே கிடக்கிறது. சல்லரியின் சிலிர்ப்போ அதைத் தாண்டி மேலே போகிறது. இரண்டையும் வெட்டிவிட்டால் ஆட்டக்காரர் எதற்குக் கால் வைப்பது?

ஒலியைச் செக்கனுக்கு 16,000 தரம் அளந்து பதிந்தால் அதில் பாதி, அதாவது 8,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் தேறாது. 48,000 தரம் அளந்தால் காதுக்கு எட்டுவதெல்லாம் அடங்கும். செலவைச் சாட்டாதீர்கள். 20,000 ஹேர்ட்ஸ் வரை கொண்டுபோகும் ஓப்பஸ் என்ற ஒலிச்சுருக்க முறை 2012 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் கேட்பது ஒரு பொத்தான். இரைச்சல் நீக்கியையும் எதிரொலி நீக்கியையும் நாங்களே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதைப் பத்துப் பக்கம் தள்ளி ஒளித்து வைக்கவும் கூடாது. இணைய வேகம் குறைந்தால் படத்தை மங்கலாக்குங்கள், பரவாயில்லை. சத்தத்தில் கைவைக்கும் முன் எங்களைக் கேளுங்கள்.

இன்னொன்று. கல்லடிப் பாலத்தடி வாவியை மெய்நிகரில் கட்ட எங்கள் பிள்ளைகள் சிலருக்கு ஆசை. பௌர்ணமி இரவு, தோணி, வாவிக்கடியில் எழும் பாட்டோசையைக் கேட்கத் தண்ணீரில் ஊன்றிய துடுப்பின் மறுமுனையில் காது. 1848இல் தோணியில் வாவிக்குப் போன பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இனிமையான மேல் சுரமும் அடியாழத்துச் சுரமும் கலந்து வந்ததாக எழுதி வைத்தார். பாடுவது மீனா, ஊரி என்கிற நீர்நத்தையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை, அது கிடக்கட்டும். நிலவையும் பாலத்தையும் பிள்ளைகள் வரைந்துவிடுவார்கள். அந்த மேலும் கீழும் உங்கள் குழாய்க்குள் நுழையுமா?

ஆவணியில் கூத்தை மறுபடி ஏற்ற நினைக்கிறோம். அதற்குள் பொத்தான் வருமென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்ணாவியாரை இன்னொரு தரம் மைக்குக்கு முன்னால் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு பிற்பாட்டுக்காரன்