ஆயக்கட்டு போன ஏரிகளை யார் பராமரிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரம், முடிச்சூர் சுற்றுவட்டார ஏரிகள் பலவற்றுக்கு இன்று ஆயக்கட்டே, அதாவது ஏரிநீரால் பாசனம் பெறும் நிலமே, இல்லை. வயல்கள் மனைகளாகிவிட்டன, பாசனக் கால்வாய்கள் தெருக்களாகிவிட்டன, மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டியும் போய்விட்டார். இப்போது இந்த ஏரிகளின் முதல் வேலை, மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல வெளியே விடுவது. அந்த வேலைக்கேற்ற பராமரிப்பு நடப்பதில்லை. குடியிருப்போர் குழுக்கள் தூர்வாருவதையே பெரிதாக நினைக்கின்றன. வெள்ளத்தைத் தடுக்க அது மட்டும் போதாது.

மழைக்கு முன் ஏரியில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். 20 ஹெக்டேர் ஏரியில் ஓர் அடி காலி இருந்தால் சுமார் 6 கோடி லிட்டர் பிடிக்கும். 60 ஹெக்டேர் பரப்பில் பெய்யும் 10 செ.மீ. மழை முழுவதும் அதில் அடங்கும். ஆனால் மழைநீர் வடிகாலில் விடப்படும் கழிவுநீர் கோடையிலேயே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆகாயத்தாமரையும் அதில்தான் செழிக்கிறது. ஆகவே குழுவின் முதல் வேலை, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் நெடுக நடந்து, மழையில்லாத நாளிலும் தண்ணீர் வரும் குழாய்களைக் குறித்து உள்ளாட்சியிடம் கொடுப்பது. மூடிய வடிகாலுக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஆகாயத்தாமரையைச் செப்டம்பருக்குள் கயிறு கட்டி இழுத்து, கரைக்கு வெளிப்புறம் கொட்ட வேண்டும். உள்சரிவில் போட்டால் முதல் மழையிலேயே திரும்ப இறங்கிவிடும்.

அடுத்தது கலங்கல், அதாவது ஏரி நிறைந்ததும் உபரிநீர் வழிந்து வெளியேறும் தடுப்புச் சுவர். இதில்தான் தவறுகள் அதிகம். தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று கலங்கல்மேல் மணல்மூட்டை அடுக்குகிறார்கள். கலங்கல்மீது 2 அடி உயரத்தில் வழியும் தண்ணீர், 1 அடியில் வழிவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மூட்டை அடுக்கிய உயரம் வழியும் உயரத்திலிருந்துதான் கழிகிறது. அப்போது தண்ணீர் கரை மீறும். மண்கரை மீது தண்ணீர் வழியத் தொடங்கினால் உடைப்பைத் தடுப்பது மிகக் கடினம். கலங்கலைத் தாண்டி உபரிநீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டுபோகும் போக்குக்கால் அடைபட்டிருந்தாலும் இதே கதிதான். போக்குக்காலைக் கீழ் ஏரியிலிருந்து மேல்நோக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். மேலே முதலில் திறந்துவிட்டால் கீழே இருப்பவர்கள்தான் மூழ்குவார்கள்.

கரையில் வளர்ந்த சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது. வேர் மட்கியபின் உள்ளே குழாய்போல் பொந்து விழும், தண்ணீர் அதன் வழியே மண்ணை அரிக்கும். வேரோடு தோண்டி, ஈரக் களிமண்ணை அரை அடிக்கு ஒரு படுகையாகப் போட்டு இடிக்க வேண்டும். ஜேசிபி வாளியால் உலர் மண்ணைக் கொட்டிச் சமன் செய்த கரை மழையில் கரைந்து இறங்கும். கரை உயர்த்த மண் வேண்டுமென்று கரையடியை ஒட்டித் தோண்டுவதும் கரையைப் பலவீனமாக்கும்.

மழையின்போது கரையின் வெளியடியைப் பார்க்க ஆள் வேண்டும். தெளிந்த கசிவு என்றால் கண்காணித்தால் போதும். கலங்கிய நீர் கொப்பளித்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அந்த வாயை அடைக்கக் கூடாது, நீர் வேறிடத்தில் கிளம்பும். அதைச் சுற்றி மணல்மூட்டையால் வளையம் கட்டி உள்ளே தண்ணீரை உயரவிட்டால் வேகம் குறைந்து மண் வருவது நிற்கும். மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் கட்டுவதுபோல் இணைப்புகள் மாறிவர அடுக்க வேண்டும். முட்ட நிரப்பிய மூட்டைகளுக்கிடையே சந்து விழும்.

இதையெல்லாம் குழுக்கள் செய்யலாம். ஆனால் மதகின் ஷட்டரைத் தொட அவற்றுக்கு அதிகாரம் இல்லை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு கொண்டவையாகப் பதிவான ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை உள்ளாட்சியிடமும் உள்ளன. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் விவசாயிகள் சங்கங்களுக்கு இடம் தருகிறது. விவசாயியே இல்லாத ஏரிக்கு அது உதவாது. 2015 டிசம்பர் 1 மழைக்கு முன், நவம்பரிலேயே ஏரிகள் நிறைந்திருந்தன. அந்த இடைவெளியில் எந்த அளவுக்கு நீரைக் குறைப்பது, யார் திறப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஏரியிலும் மழைக்கால நீர்மட்டத்தை அளவுகோலில் சிவப்பாகக் குறித்து, ஷட்டர் திறக்கும் பொறுப்பாளரின் பெயரையும் எண்ணையும் கரையிலேயே எழுதிவைக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். செப்டம்பர் முடிவதற்குள் குழுவினர் முன்னிலையில் ஷட்டரை ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏரிப் பராமரிப்புக் குழுவினர்,
தாம்பரம் சுற்றுவட்டாரம்