மதகு முதலில், காபட் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்முனைப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் நுழைகிறவர்கள், வீதியோர வேலிகளில் “காணி விற்பனைக்கு” என்று தொலைபேசி இலக்கத்துடன் தொங்கும் தகரங்களைக் கவனித்திருப்பார்கள். ஒரு வீதி திருத்தப்படப் போகிறது என்ற பேச்சு எழுந்தாலே போதும், அந்தப் பக்கத்து வேலிகளில் தகரங்கள் முளைத்துவிடும். வீதி சீரானால் ஊரில் குடியிருப்பவருக்கும் காணியில் பணம் போடுகிறவருக்கும் நன்மை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நன்மை நிற்பதும் கரைவதும் இருக்கிறது என்பதைப் பட்டறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்படும்வரை, மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற ஊர்கள் எங்களுடையவை. (வெளிமாவட்ட வாசகர்களுக்காக: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) பெரும்போக அறுவடையின்போது வட்டைக்கே (வயல்வெளிக்கே) வந்து விலை பேசும் நெல் வியாபாரி, லொறி வலையிறவுப் பாலத்தால் சுற்றி வர வேண்டியிருக்கிறது என்று சொல்லியே மூட்டைக்குக் குறைத்துக் கேட்பார். பாலம் வந்தபின் அந்தக் காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. வேறு காரணங்களைக் கண்டுபிடித்துக்கொண்டார் என்பது தனிக்கதை. இரவில் நோயாளியை வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குக் கொண்டுபோவது, பிள்ளைகள் நகரத்து வகுப்புகளுக்குப் போய்வருவது, பால் திரையுமுன் போய்ச் சேர்வது என்று மற்றவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. காணியின் பெறுமதி கூடியதும் இந்தப் பயன்பாட்டினால்தான்.

ஆனால் மக்கள் குடியிருப்பது பிரதான வீதியில் அல்ல, ஒழுங்கைகளில். எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடப்பட்டபோது, பழைய கிறவலை (சரளை மண்ணை) தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டார்கள். வளவுகளை விட ஒழுங்கை ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. மழைநீரை வயல் பக்கமாக இறக்கி வாவிக்குக் கொண்டுபோன மண் வாய்க்கால், வேலை நடந்த வாரத்திலேயே தூர்ந்து போயிற்று. ஒழுங்கையின் அடியால் நீர் போவதற்கு மதகு ஒன்றும் போடப்படவில்லை. கேட்டபோது, மதிப்பீட்டில் மதகு இல்லை என்ற பதில் கிடைத்தது. அந்தக் கார்த்திகையில் எங்கள் குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்று நீரும் கலங்கிப் போனதால், குடிக்கும் தண்ணீரை மூன்று வாரம் வெளியிலிருந்து கொண்டுவந்தோம்.

பக்கத்து வளவை வாங்கியிருந்தவர் வெளியூரில் இருப்பவர். வீடு கட்டும் எண்ணமில்லாமல், விலை ஏறும்வரை வைத்திருப்பதற்காக வாங்கியவர். அவர் டிப்பர் டிப்பராகக் கிறவல் கொட்டித் தன் காணியை உயர்த்தி மதிலும் எழுப்பியதும், அங்கே தங்கி நின்ற நீரும் என் பக்கம் வந்து சேர்ந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கும் இலாபம் கிட்டவில்லை: மார்கழியில் காணி பார்க்க வந்தவர்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற தண்ணீரைக் கண்டு வாகனத்தை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார்கள். கோடையில் காணி பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் ஒருமுறை வந்து பாருங்கள் என்பதே.

வீதியை அகலிப்பதிலும் இதே அவசரம். 40 அடி முகப்புள்ள 10 பேர்ச் வளவில், முகப்பிலிருந்து 4 அடி விட்டுக்கொடுத்தால் 160 சதுர அடி போகும். ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி என்பதால், அது அரைப் பேர்ச்சுக்குச் சற்று அதிகம். ஊருக்காக என்று பலர் மனமுவந்து வேலியைப் பின்னே தள்ளியிருக்கிறார்கள். ஆனால் நில அளவைப் படம் திருத்தப்படாததால் உறுதியில் (காணிப் பத்திரத்தில்) 10 பேர்ச்சாகவும் நிலத்தில் ஒன்பதரைக்கும் சற்றுக் குறைவாகவும் காணி நிற்கிறது. வங்கிக் கடனுக்காக மீண்டும் அளக்கும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் சிக்கல் இன்னும் பெரிது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அத்தகைய காணியை, உறுதிக் காணியைப் போல நினைத்தபடி விற்கவோ வாங்கவோ முடியாது. முன்னால் காபட் (தார்க் கலவை) வீதி போடப்பட்டதால் பெர்மிட் உறுதியாகிவிடாது என்பதைத் தரகர்கள் சொல்வதில்லை.

விலை ஏறினால் காணிக்காரருக்கு மகிழ்ச்சிதானே என்று கேட்கலாம். விற்கிறவருக்கு மகிழ்ச்சிதான். எங்கள் மாவட்டத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கென்று கொடுப்பது வழக்கம். இருக்கும் வளவை மூத்த மகளுக்கு எழுதிவிட்டு, இளையவளுக்கு அதே ஊரில் 10 பேர்ச் தேடுகிற தகப்பனுக்கு விலையேற்றம் ஒவ்வோர் ஆண்டும் நீளும் கடன். வீதியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எந்த ஒழுங்கை எப்போது திருத்தப்படும் என்பது தரகருக்குத் தெரிந்த அன்றே தனக்கும் தெரிந்திருந்தால், முன்னதாகவே வாங்கியிருப்பேன் என்றுதான் சொல்கிறார்.

ஆகவே பொறுப்பானவர்களிடம் தங்கள் பத்திரிகை வாயிலாக நான் கேட்பது இவ்வளவே. வேலை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஒழுங்கையின் பெயர், அகலம், முடிவில் வரும் உயரம், மதகுகள் அமையும் இடங்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அந்த உயரத்தை மின்கம்பங்களில் மையால் குறித்துவிட்டால், வாசற்படி எங்கே நிற்கும் என்பதை வீட்டுக்காரரே அளந்து பார்த்துக்கொள்வார். வடிகானும் மதகும் முடிந்து, ஒரு மாரி மழை அவற்றில் ஓடியதைப் பார்த்த பிறகே கொங்கிரீட்டோ காபட்டோ போடப்பட வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு மதகுகள் தேவை. இந்த ஐப்பசிக்கு முன் போட்டுத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
படுவான்கரை வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு