ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டிலேயே முதன்முதலாக எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தது, 2004 ஏப்ரலில் கூட்டு மருந்து இலவசமாக வந்தது, இப்போது நாளுக்கு ஒரே மாத்திரை என்பது வரை எல்லாம் இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கிறவர்கள் எப்படி நடமாடுகிறார்கள், என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நான் திருச்செங்கோடு பக்கம் தையல் வேலை செய்கிறவள். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போய் வந்தவர், இப்போது இல்லை. எனக்கு 2006-ல் மாத்திரை தொடங்கினார்கள். அன்றைய கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்று ஒன்று உண்டு. உயிரைக் காப்பாற்றிய மருந்து, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கன்னம் ஒட்டிப்போனதும் பாதம் எரியத் தொடங்கியதும் அதைச் சாப்பிட்ட காலத்தில்தான். நரம்பைக் கெடுக்கிறது, படிப்படியாக நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2009-ல் சொன்னது. எங்களுக்கும் பிற்பாடு மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து மாறியும் என் பாதம் பழைய நிலைக்கு வரவில்லை. ராத்திரியில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரியும். பகலில் மரத்துக் கிடக்கும். ஒருமுறை செருப்பு கழன்றது தெரியாமல் கடைவீதியில் நடந்து, கண்ணாடிச் சில்லு ஏறி, அந்தப் புண் ஆறுவதற்குள் தீபாவளித் தையல் முழுக்கப் போய்விட்டது.

மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னால், "சி.டி.4 (எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) நல்லா இருக்கு, வைரஸ் அளவும் கட்டுக்குள்ள இருக்கு, அப்புறம் என்னம்மா?" என்பார்கள். அவர்களை நொந்து பயனில்லை. டாக்டர், நர்ஸ், ஆலோசகர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் என்று அங்கே எல்லோருக்கும் பணியிடம் உண்டு. பிசியோதெரபிஸ்ட்டுக்குத்தான் கிடையாது.

ஒரு நர்ஸம்மா தானாக மனசு வைத்து, அதே வளாகத்தில் இருந்த பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு சின்னப் பெண். நான் எப்படித் தைக்கிறேன் என்று முதலில் கேட்டாள். மோட்டார் போட்டுப் பார்த்தேன், வேகம் கட்டுப்படவில்லை என்றேன். கால் எவ்வளவு அழுத்துகிறது என்றே தெரியாதபோது ஊசி விரலில் இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெடலை மெஷின் காலில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி, முழங்காலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள் அக்கா, அங்கே உணர்ச்சி இருக்கிறதே என்றாள். இன்றுவரை அப்படித்தான் தைக்கிறேன். தரையில் விரித்த துண்டைக் கால்விரலால் சுருட்டுவது, சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுவது, ஒற்றைக்காலில் நிற்பது, படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலில் புண் இருக்கிறதா பார்ப்பது, மரத்துப்போன பாதத்துக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். எரிச்சல் போகவில்லை. ஆனால் தடுமாறி விழுவது நின்றது. மாதம் ஓடுகிற அளவுக்கு ஜாக்கெட் தைக்கிறேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் குழுவில் விசைத்தறி ஓட்டிய தம்பி ஒருவருக்குக் காசநோய் மூளைக்காய்ச்சல் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உயிரை மீட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி உட்கார வைப்பது, தோளை எப்படி அசைப்பது என்று அவர் மனைவிக்கு யாரும் காட்டவில்லை. இப்போது தோள் இறுகிக் கை மேலே வராது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, எச்.ஐ.வி. அதில் இல்லை. கை, கால் குறைபாடு 40 சதவீதம் என்று சான்று வாங்கினால் அவருக்கு உதவி கிடைக்கும் என்பதையும் யாரோ தெரிந்தவர் சொல்லித்தான் அந்தக் குடும்பம் அறிந்தது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறாரே என்பீர்கள். நல்ல திட்டம்தான், என் மாமியாருக்கு வந்து பார்த்தார்கள். எனக்கென்று வந்தால் என்ன வியாதி என்று எதிர்வீடு கேட்கும். எங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

ஆகவே, மாத்திரை வாங்க நாங்கள் எப்படியும் வருகிற இடத்திலேயே இதைச் செய்ய வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் ஒருநாள் ஏ.ஆர்.டி. மையத்தில் உட்காரட்டும். எடை பார்க்கும்போதே பாதத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் "நரம்பு பாதிப்பு" என்று மட்டும் எழுதினால் போதும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே இது நடக்கும் என்று நினைக்கிறேன்.

பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்.