கான்கிரீட் துளையும் சக்கின் பங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கருவிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, கான்கிரீட்டில் ஓட்டை போட வாட் கூடுதலான டிரில்லிங் மெஷினை வாங்கினால் போதும் என்கிறது. கட்டடங்களில் மின்பணி ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. மோட்டாரின் வலுவைவிட, துளையிடும் தண்டான பிட்டை, அதைக் கவ்வும் முன்பகுதியான சக் எவ்வாறு பிடித்திருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் மின்சாரக் கை டிரில்லை 1895-இல் உருவாக்கியது. சாவி போட்டு முறுக்கும் மூன்று தாடைச் சக்குக்கு அமெரிக்கரான ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்றார். மரத்துக்கும் இரும்புக்கும் அது இன்றும் குறையற்றது. ஆனால் அது சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, அடி வாங்குவதற்காக அல்ல. சுழன்றுகொண்டே அதிர்ந்து அடிக்கும் சாதாரண ஹேமர் டிரில்லில் பற்கள் கொண்ட இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும்போது, கனமான சக்கும் பிட்டோடு சேர்ந்தே முன்னும் பின்னும் அசைய வேண்டியிருப்பதால், அடியின் வேகத்தில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிறது. போதாக்குறைக்கு, அதிர்வில் தாடைகள் தளர்ந்து, வழவழப்பான பிட் தண்டு உள்ளேயே வழுக்கிச் சுற்றத் தொடங்கும். வேலை செய்பவர் உடல் பலத்தையெல்லாம் போட்டு அழுத்துவது இதனால்தான்.

கான்கிரீட்டுக்கென்றே செய்யப்பட்ட, அடித்துச் சுழற்றும் இயந்திரமான ரோட்டரி ஹேமரின் வழி வேறு. பாஷ் நிறுவனம் 1932-இலேயே மின்சாரச் சுத்தியல் டிரில்லை வெளியிட்டது. லீக்டன்ஸ்டைனின் ஹில்டி 1967-இல் காற்றழுத்தத்தால் அடிக்கும் டிஇ 17 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இவ்வகை இயந்திரத்தில் பிஸ்டன் காற்றை அழுத்த, அக்காற்று உள்ளிருக்கும் இரும்புக் கட்டையை முன்னே தள்ள, அந்த அடி பிட்டின் பின்முனையில் போய் விழுகிறது. அடி முழுமையாகப் பிட்டுக்குச் சேர வேண்டுமானால், சக் அதை இறுக்கிப் பிடிக்காமல் சற்றே நழுவ விட வேண்டும். அதே சமயம் சுழற்றவும் வேண்டும், கழன்று விழாமலும் காக்க வேண்டும்.

இந்த மூன்றையும் நிறைவேற்றியது, பாஷ் 1975-இல் கொண்டுவந்த, பிட்டைச் செருகிப் பூட்டும் எஸ்டிஎஸ் (SDS) முறை. இன்று நாம் கையாளும் எஸ்டிஎஸ் பிளஸ் பிட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், 10 மி.மீ. தண்டில் நான்கு காடிகள் (நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள்) தெரியும். பின்முனை வரை திறந்திருக்கும் இரண்டு, சுழற்சியைத் தாங்குகின்றன. இரு பக்கமும் மூடிய மற்ற இரண்டில் சக்கின் பூட்டுக் குண்டுகள் அமர்கின்றன; அக்காடிகள் நீளமாக இருப்பதால் பிட் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை முன்பின் நகரலாம், ஆனால் வெளியே வர முடியாது. சாவியும் தேவையில்லை. பெரிய இயந்திரங்களுக்கு 18 மி.மீ. தண்டுடைய எஸ்டிஎஸ் மேக்ஸ் பின்னர் வந்தது. பிட் வாங்குகிறவர்கள் நுனியில் பதித்த கடினப் பொருளான கார்பைடைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவரைக் காண்பது அரிது.

ஆகவே, வாட் குறைந்த ரோட்டரி ஹேமர்கூட, வாட் கூடிய ஹேமர் டிரில் திணறும் கான்கிரீட்டில் அதிகம் அழுத்தாமலேயே இறங்கிவிடும். எஸ்டிஎஸ் இயந்திரத்தில் அடாப்டர் வைத்துச் சாதாரணச் சக்கை மாட்டுவோர், அடிக்கும் விசையை நிறுத்தி, சுழற்சியில் மட்டுமே ஓட்ட வேண்டும். இல்லாவிடில் தாடைகள் விரைவில் கெடும். தண்டில் சிறிது கிரீஸ் தடவாமல் பிட்டைச் செருகுவதும், சக்கின் வாயிலுள்ள ரப்பர் மூடி கிழிந்த பிறகும் கூரையில் துளையிடுவதும், சிமென்ட் தூளை உள்ளே இழுத்துக் குண்டுகளையும் காடிகளையும் தேய்த்துவிடும்.

அடுத்த இணைப்பில் கருவிகளை ஒப்பிடும்போது, வாட் எண்ணுக்கு அருகிலேயே சக் எந்த வகை என்பதையும், ஒரே அடியின் வலுவைக் குறிக்கும் ஜூல் அளவையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்பணி ஒப்பந்ததாரர் ஒருவர்,
கோயம்புத்தூர்.