நீர் மாத்திரையோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் வரட்டும்

சிவகங்கை மாவட்டச் சுகாதாரத் துறையினருக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களுக்கு இது பெரிய ஒத்தாசை. எங்கள் கவலை ஒரு வகை மாத்திரையைப் பற்றி மட்டும்தான்: நீர் பிரிய வைக்கும் மாத்திரை.

இந்த வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் பெரும்பாலும் 12.5 மி.கி. அளவில் தொடங்குபவை. விலை குறைவு, பக்கவாதத்தைத் தடுப்பதில் பல காலமாக நல்ல பெயர் எடுத்தவை. வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தான் சாப்பிடுவது நீர் மாத்திரை என்றே பலருக்குத் தெரியாது. டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’, ‘சிஎச்’ அல்லது ‘சிடி’ என்று ஒட்டியிருப்பதுதான் பெரும்பாலும் அடையாளம். மகன் கடையில் வாங்கிக் கொடுத்த கூட்டு மாத்திரையோடு அரசு தரும் தனி மாத்திரையையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஊழியர்கள் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தாலே இது பிடிபடும்.

அதிகம் தவறிப்போவது ரத்தத்தில் உப்பு இறங்குவது. இந்த உப்பு, அதாவது சோடியம், லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். இந்த மாத்திரை சிறுநீரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றும். ஒல்லியான, வயதான பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தெரியும். சோர்வு, குமட்டல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். வீட்டில் ‘வயசாயிருச்சு, மறதி’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே தொடங்கும் முன் ஒரு முறை, தொடங்கியோ அளவைக் கூட்டியோ 2 முதல் 4 வாரத்தில் ஒரு முறை சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க ஏற்பாடு வேண்டும்.

எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதும் சின்ன விஷயமில்லை. இந்த வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் பின்கட்டுக்கும் அப்பால். ராத்திரி மாத்திரை போட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் வளவை (நடு முற்றத்தை) தாண்டி, உயரமான நிலைப்படி ஏறி இறங்கி, வழுக்கும் ஆத்தங்குடிக் கல்லில் நடக்கிறார்கள். எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும்; விழுந்தால் இடுப்பெலும்பு. காலையில்தான் சாப்பிட வேண்டும் என்று கவரிலேயே எழுதித் தாருங்கள். காலையில் மறந்துவிட்டால் ராத்திரி போட வேண்டாம், மறுநாள் இரண்டாகவும் போட வேண்டாம். பிரஷர் பார்க்கும்போது உட்கார வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் ஒவ்வொரு முறை பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், டெல்மிசார்டன், நீர் மாத்திரை: இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து சிறுநீரகம் திடீரென்று முடங்கலாம். வயிற்றுப்போக்கு வந்த நாளில் இன்னும் மோசம். வாந்தி, பேதி என்றால் உடனே செவிலியருக்குச் சொல்லி, மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்க ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். இதயக் கோளாறுக்காக ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

உப்பைக் குறைக்கச் சொல்வது சரிதான். வற்றல், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் ‘லோ சோடியம்’ உப்பு பொட்டாசியம் கலந்தது. பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும் டெல்மிசார்டனோ ஸ்பைரனோலாக்டோனோ சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேர்த்து ஊற்றும் காலத்தில் உடம்பில் நீரும் உப்பும் இன்னும் குறையும். ஏற்கெனவே நீர் மாத்திரையில் இருப்பவர்களின் முதல் ரத்தப் பரிசோதனையைப் பங்குனிக்குள் முடித்துவிட்டால், அளவை மாற்ற வேண்டியவர்களுக்கு அக்னி நட்சத்திரத்துக்கு முன் மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு மருந்தாளுநர்களும் செவிலியர்களும் சிலர்